பனி பெய்த புதன்கிழமை

பள்ளியிலிருந்து வீட்டிற்கு வரும் அறிவிப்பை நாம் எவ்வாறு படிக்கிறோம்? கட்டணம் செலுத்த வேண்டிய நாள், தேர்வு தொடங்கும் நாள், விடுமுறை விடும் நாள் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுகிறோம். பிறகு அதைத் தேடுவாரும் இல்லை, நினைப்பாரும் இல்லை. ஆனால் 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்க நாட்டின் சிறிய மாவட்டம் ஒன்றிலிருந்து பெற்றோருக்கு அனுப்பப்பட்ட ஓர் அறிவிப்பு அவ்வாறு மறக்கப்படவில்லை. அந்த மாவட்டத்தில் பிள்ளைகளே இல்லாதவர்களும் அதைப் படித்தார்கள். பத்திரிகைகள் அதை நாடெங்கும் பரப்பின. அதில் இருந்த செய்தியோ மிகச் சிறியது. நாளை பள்ளி இல்லை என்பதே அது. இச்சிறு செய்தி அத்தனை பேருடைய நெஞ்சைத் தொட்டது ஏன் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

பள்ளி மாவட்டம்

முதலில் அந்நாட்டின் பள்ளி அமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். நம் நாட்டில் கல்வி மாவட்டம் என்பது அரசுத் துறையின் ஒரு பிரிவு. அமெரிக்காவிலோ பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலும் அந்தந்தப் பகுதி மக்களின் சொந்தப் பொறுப்பு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அதை ஆளுகிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் அவர்கள் செலுத்தும் வரியில் ஒரு பங்கு பள்ளிகளுக்குச் சேருகிறது. அக்குழு நியமிக்கும் கல்விக் கண்காணிப்பாளர் ஒருவர் அன்றாடப் பணிகளைக் கவனிக்கிறார். இத்தகைய மாவட்டங்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 உள்ளன. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் 55 உண்டு.

அம்மாநிலத்தின் கிழக்கு முனையில், பொட்டோமாக் ஆறும் ஷெனந்தோவா ஆறும் கூடும் இடத்தில் அமைந்திருப்பது ஜெபர்சன் மாவட்டம். 2020இல் அதன் மக்கள்தொகை 57,000க்கும் மேல். மலைப்பாங்கான அப்பகுதியில் குளிர்காலத்தில் பனி விழுந்தால் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகள் சாலையில் செல்ல இயலாது. அத்தகைய நாளில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படும். அதுவே பனி விடுமுறை.

அந்த விடுமுறை எந்த நாட்காட்டியிலும் அச்சிடப்பட்டதன்று. வானம் கொடுத்தால் உண்டு. ஆகவே அந்நாட்டுப் பிள்ளைகள் அதற்காகச் சில வேடிக்கையான சடங்குகளையே வைத்திருக்கிறார்கள். பனி வரும் என்று கேள்விப்பட்ட இரவில் உடுப்பை உட்புறம் வெளியே தெரியும்படி மாற்றி அணிந்து உறங்குவார்கள். தலையணைக்கு அடியில் ஒரு கரண்டியை வைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் வானொலியில் தங்கள் பள்ளியின் பெயர் சொல்லப்படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் இதைச் செய்யும்போது பாட்டன்மார் தங்கள் பிள்ளைப் பருவத்தை நினைத்துச் சிரிப்பது வழக்கம்.

அந்தக் குளிர்காலம்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றினால் அமெரிக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. இலையுதிர் காலத்தில் சில திறந்தன. சில திறந்து மீண்டும் மூடின. மேற்கு வர்ஜீனியாவில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் வண்ண வரைபடம் ஒன்று வெளியிடப்பட்டது. நோய் குறைந்த பகுதிக்குப் பச்சை, மிகுந்த பகுதிக்குச் சிவப்பு, இடையே வேறு நிறங்கள். திங்கட்கிழமை காலையில் பிள்ளை பள்ளிக்குச் செல்லுமா, அடுக்களை மேசையில் கணிப்பொறி முன் அமருமா என்பதை அந்த நிறமே முடிவு செய்தது. கூடைப்பந்து முதலிய குளிர்கால ஆட்டங்களும் அம்மாநிலத்தில் தள்ளி வைக்கப்பட்டன.

பள்ளி மாவட்டங்கள் குடும்பங்களுக்கு அனுப்பும் செய்தி மடல்கள் அதுவரை விளையாட்டு வெற்றிகளையும், இசை நிகழ்ச்சிகளையும், பெற்றோர் கூட்டங்களையுமே சுமந்து வந்தன. அக்குளிர்காலத்தில் அவற்றின் தொனியே மாறிற்று. எத்தனை பேருக்கு நோய் கண்டது, யார் யார் தனித்திருக்க வேண்டும், எந்த வாயிலில் எத்தனை மணிக்கு உணவுப் பொட்டலம் கிடைக்கும், வீட்டில் இணைய வசதி இல்லாதவர்கள் எந்த வாகன நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திப் பாடம் கேட்கலாம் என்பனவே அவற்றின் செய்திகளாயின.

உணவைப் பற்றிய செய்தி அற்பமானதன்று. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கப்படுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது விலையின்றியோ குறைந்த விலையிலோ கிடைக்கும். செல்வம் மிக்க நாடு என்று நாம் எண்ணும் அங்கேயும், பள்ளியில் உண்பதையே அன்றைய முழுச் சாப்பாடாகக் கொண்ட பிள்ளைகள் உண்டு. பள்ளி மூடினால் அவர்கள் பசித்திருப்பார்கள். ஆகவே அந்நாட்டு அரசு விதிகளைத் தளர்த்திற்று. பல நாட்களுக்குரிய உணவை ஒரே பொட்டலமாகக் கொடுக்க அனுமதித்தது. வருமானம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகவே வழங்கலாம் என்றது. பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகள் பல ஊர்களில் உணவை ஏற்றிக்கொண்டு பிள்ளைகளின் வாசலுக்குச் சென்றன.

2020 டிசம்பர் 14ஆம் நாள், அந்நாட்டில் இத்தொற்றினால் இறந்தோர் தொகை 3 இலட்சத்தைத் தாண்டியது. அதே நாளில்தான் அங்குத் தடுப்பூசிப் பணியும் தொடங்கிற்று. துயரமும் நம்பிக்கையும் ஒரே நாளில் ஒரே வாசலில் நின்றன எனலாம். மறுநாள் பெரும் பனிப்புயல் ஒன்று கிழக்குக் கரையை நெருங்கி வந்தது.

ஓர் அறிவிப்பு

பிள்ளைகள்தாம் வீட்டிலிருந்தே இணையவழியில் படிக்கப் பழகிவிட்டார்களே, இனிப் பனி விடுமுறை எதற்கு? இக்கேள்வி அப்போது பல பள்ளி மாவட்டங்களில் எழுந்தது. ஏற்கெனவே எத்தனையோ பாட நாட்கள் வீணாகிவிட்டன. இன்னும் ஒரு நாளையும் இழக்கலாகாது என்பது நியாயமான வாதமே. நியூயார்க் நகரம் அவ்வழியையே மேற்கொண்டது. அப்புயலில் அந்நகரின் மையத்தில் 10 அங்குல அளவுக்குப் பனி விழுந்தது. பள்ளிக் கட்டடங்கள் மூடப்பட்டன. பாடங்களோ இணையவழியில் நடந்தன. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் 40 அங்குலம் விழுந்ததென்றால் புயலின் கடுமையை உணரலாம்.

ஜெபர்சன் மாவட்டத்தின் கல்விக் கண்காணிப்பாளராய் இருந்த பான்டி ஷே கிப்சன் அம்மையார் வேறு விதமாக எண்ணினார். டிசம்பர் 15ஆம் நாள் அவர் குடும்பங்களுக்கு ஒரு மடல் விடுத்தார். மறுநாள் புதன்கிழமை பள்ளி இல்லை. இணையவழி வகுப்பும் இல்லை என்று அறிவித்தார். அத்துடன் நிறுத்தியிருந்தால் அது நூற்றில் ஒன்றாய்ப் போயிருக்கும். அவர் காரணத்தையும் கூறினார். முதற்பனியைத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் மகிழ்ந்து வரவேற்று வந்தன. பிள்ளைப் பருவமோ விரைந்து மறைவது. இந்த ஓராண்டில் பிள்ளைகள் இழந்தவை பல. இந்த ஒன்றையாவது அவர்கள் இழக்காதிருக்கட்டும் என்பதே அதன் சாரம். பனியில் சறுக்கி விளையாடுங்கள், சூடான பானம் அருந்துங்கள், அடுத்த ஆண்டு அளவு பற்றாமற் போகும் குல்லாயோடு பிள்ளைகளை இன்றே படம் எடுத்து வையுங்கள் என்று பெற்றோரை வேண்டினார். வளர்ந்து பெரியவர்களாகும் அலுவலுக்கு வியாழக்கிழமை திரும்பிக்கொள்ளலாம் என்றும் எழுதினார்.

இது சரியா?

அம்மடலைப் படித்தோர் பலர் கண் கலங்கினர். ஆயினும் கண்ணீர் மட்டும் ஒரு முடிவைச் சரியானதாக்கிவிடாது. கல்வியில் நேர்ந்த இழப்பு மெய்யானதே. அமெரிக்கா முழுவதிலும் 2022இல் நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டுத் தேர்வில், கணிதத்தில் நான்காம் வகுப்பு மாணாக்கரின் சராசரி மதிப்பெண் 5 புள்ளியும், எட்டாம் வகுப்பினரின் மதிப்பெண் 8 புள்ளியும் குறைந்திருந்தன. அத்தேர்வு 1990இல் தொடங்கிய பிறகு கணிதத்தில் அத்தகைய வீழ்ச்சி கண்டதில்லை. அப்படியிருக்க, விடுமுறை கொடுத்தது பொறுப்பற்ற செயல் அன்றோ என்று ஒருவர் கேட்கலாம்.

இதற்கு விடை தரும் ஆராய்ச்சி ஒன்று பெருந்தொற்றுக்கு முன்பே வெளிவந்திருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய பொருளியல் அறிஞர் ஜோஷுவா குட்மன், மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளின் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு முடிவை வெளியிட்டார். பனியினால் பள்ளி முழுவதும் மூடப்பட்ட நாட்கள் மாணாக்கரின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே வராமற்போன நாட்கள் குறைத்தன என்பதே அது.

ஏன் அப்படி? காரணம் எளிது. பள்ளியே மூடினால் எல்லாரும் ஒரே பாடத்தை இழக்கிறார்கள். மறுநாள் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து எல்லாரையும் சேர்த்து அழைத்துச் செல்கிறார். ஒரு பிள்ளை மட்டும் வராவிட்டாலோ, வகுப்பு நடந்துகொண்டே போகிறது, அப்பிள்ளை பின்தங்கிவிடுகிறது. அதைத் தேடி ஆசிரியர் திரும்பினால் மற்றவர்கள் நிற்க வேண்டும். சேர்ந்து இழந்ததைச் சேர்ந்து மீட்கலாம். தனியே இழந்ததை மீட்பது அரிது.

அந்தக் குளிர்காலத்தின் துயரத்துக்கும் இவ்வுண்மையே திறவுகோல் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்போது பிள்ளைகள் இழந்தவை பெரும்பாலும் தனியே இழந்தவை. ஒரு வீட்டில் கணிப்பொறி இருந்தது, அடுத்த வீட்டில் இல்லை. ஒரு பிள்ளையின் தந்தை வீட்டிலிருந்து வேலை பார்த்தார், இன்னொரு பிள்ளையின் தாய் மருத்துவமனையில் இரவுப்பணி பார்த்தார். தன்னை வளர்த்த தாய் தந்தையையோ, தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளைகள் எத்தனை! 2020 ஏப்ரல் தொடங்கி 2021 ஜூன் வரை அமெரிக்காவில் அத்தகையோர் 1,40,000க்கும் மேற்பட்டவர் என்று மருத்துவ ஆய்வொன்று கணக்கிட்டது. அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் அருகில் வந்து அமர்ந்து ஆறுதல் கூறவும் வழியில்லை. 2021 அக்டோபரில் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதனோடு சேர்ந்த அமைப்புகளும், பிள்ளைகளின் மனநலம் நாட்டின் அவசர நிலையாகிவிட்டது என்றே அறிவித்தன.

இப்படிப் பிரிந்து கிடந்த பிள்ளைகளுக்குப் பனி விடுமுறை ஒரே நேரத்தில், ஒரே வானத்தின் கீழ் கிடைத்தது. கணிப்பொறி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் பனி ஒன்றுபோலவே விழுந்தது. ஒரு நாளேனும் எவரும் பின்தங்கவில்லை. அம்மடல் துயரத்தை நீக்கவில்லை; இறந்தவரை மீட்கவில்லை. ஆனால் உங்கள் பிள்ளை ஒரு பிள்ளைதான் என்பதை நாங்கள் மறக்கவில்லை என்று ஓர் அலுவலகம் குடும்பங்களுக்குச் சொல்லிற்று. அந்த ஓராண்டில் எத்தனையோ எண்களையும் நிறங்களையும் கேட்டுச் சலித்த பெற்றோரின் செவிக்கு அது மருந்தாயிற்று.

நம் இல்லங்களில்

பெருந்தொற்று நீங்கிவிட்டது. அன்று பின்தங்கிய பிள்ளைகளோ எங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்திழுத்து ஓடச் செய்வதே நம் கடமை என்று எண்ணுகிறோம். கூடுதல் வகுப்பு, கூடுதல் பயிற்சி என்று நாட்களை நிரப்புகிறோம். பாடம் வேண்டியதே. அதை இவ்வளவு நேரம் எடுத்துரைத்த எண்களும் அதையே சொல்கின்றன. எனினும் குடும்பத்தில் உள்ள எல்லாரும் ஒரே வேளையில் ஓய்ந்திருக்கும் ஒரு நாள் நம் வீட்டில் கடைசியாக வந்தது எப்போது? ஒருவர் அலுவலகத்திலும், ஒருவர் தனிப்பயிற்சியிலும், ஒருவர் கைப்பேசியிலுமாகத் தனித்தனியே களைத்துப் போகிறோம். தனித்தனியே இளைப்பாறவும் முயல்கிறோம்.

நம் ஊரில் பனி பெய்யப் போவதில்லை. வானம் கொடுக்காத விடுமுறையை வீட்டுப் பெரியவர்கள்தாம் கொடுக்க வேண்டும். இந்த மாதத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளின் சட்டை சிறிதாகுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். புத்தகப்பை மறுநாள் காலைவரை மூலையில் காத்திருக்கட்டும்.