தொழிலாளர் தங்குமிடம்

ஆலைகள் கிராமங்களை நாடி வந்துள்ள இந்நாளில், வெளியூரிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வருவோர்க்குத் தங்குமிடம் வேண்டும் அன்றோ? சில மாதங்களே தங்குவோர் முன்பணம் கொடுத்துத் தனிவீடு அமர்த்தவோ, கட்டில் முதலிய தட்டுமுட்டுச் சாமான்கள் வாங்கவோ இயலாது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே விடுதி உணவால் பெண் தொழிலாளர் பலர் நோயுற்றனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அதில் 18,720 பெண்கள் தங்கலாம்.

கிராமத்தில் அறைகளை வாடகைக்கு விடுவோர் ஓரறையில் பலரை அடைத்தலாகாது. குடிநீர், கழிப்பிடம், சமையலிடம் இன்றியமையாதவை. பெண்கள் விடுதி நடத்துவோர் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெறுதல் வேண்டும். உழைக்க வந்தோரின் நலத்தைப் பேணுவது ஊராரின் கடமையுமாகும்.