பள்ளத்தில் இல்லாத இரும்பு

அரிசோனா பாலைவனத்தில் 1.2 கிலோமீட்டர் அகலமும் சுமார் 170 மீட்டர் ஆழமுமாக ஒரு வட்டப் பள்ளம் இருக்கிறது. 1903இல் டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர் அதைத் தோண்டவென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். பள்ளத்தைச் சுற்றி இரும்பு விண்கல் துண்டுகள் இறைந்து கிடந்தன. துண்டுகளே இத்தனை என்றால் தாய்க்கல் எவ்வளவு பெரிதாக இருக்கும்? கோடிக்கணக்கான டன் இரும்பு அடியில் புதைந்திருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார்.

நடுவில் துளைபோட்டார், கிடைக்கவில்லை. சேற்றில் துப்பாக்கியால் சாய்வாகச் சுட்டுப் பார்த்தபோதும் குழி வட்டமாகவே விழுந்தது. சரி, கல் சாய்வாக வந்து தெற்கு ஓரத்துக்கு அடியில் போயிருக்கும் என்று அங்கே துளைபோட்டார். 400 மீட்டருக்கும் கீழே துளைகருவி சிக்கிக்கொண்டது. பணமும் கரைந்துகொண்டே வந்தது. 1929இல் வானியலாளர் மௌல்டன் கணக்குப் போட்டு, வந்த கல்லின் எடை 3 லட்சம் டன்தான், அதிலும் பெரும்பகுதி ஆவியாகிவிட்டது என்று அறிக்கை தந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாரிங்கர் மாரடைப்பில் காலமானார்.

விண்கல் விழுந்த இடம்தான் அது. அதில் பாரிங்கருக்குப் பிசகவில்லை. விண்கல் பள்ளத்தைத் தோண்டுகிறது என்று நினைத்ததில்தான் கோளாறு. அது தோண்டுவதில்லை, வெடிக்கிறது.

வினாடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வரும் ஒரு கிலோ இரும்பில், ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தில் உள்ளதைப்போல ஏறக்குறைய 20 மடங்கு ஆற்றல் இருக்கிறது. தரையில் மோதியதும் ஓர் அதிர்வலை பாறைக்குள் இறங்குகிறது. இன்னொன்று கல்லுக்குள்ளேயே பின்னோக்கி ஓடுகிறது. அலை கடந்து அழுத்தம் தளர்ந்ததும் கல் உருகி ஆவியாகிறது. நசுங்கிய பாறை நாலாபக்கமும் வீசப்படுகிறது. பள்ளத்தின் விளிம்பில் பாறை அடுக்குகள் புரண்டு, அடியில் இருந்தது மேலும் மேலே இருந்தது அடியுமாகக் கிடக்கின்றன. எல்லாம் சில வினாடி வேலை. இப்படித்தான் சுமார் 50 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல் ஒரு கிலோமீட்டருக்கும் அகலமான பள்ளத்தை உண்டாக்கியது, ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்.

வெடிப்பு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதால்தான் கல் சாய்வாக வந்தாலும் பள்ளம் வட்டமாகிறது. தரையை உரசுவதுபோல மிகத் தாழ்வாக வந்தால் மட்டும் நீள்வட்டமாகும். நிலாவில் மெஸ்ஸியர் பள்ளம் அப்படிப்பட்டது.

பாரிங்கருக்கு முன்பே, 1891இல், அமெரிக்கப் புவியியல் துறையின் கில்பர்ட் அரிசோனாவுக்கு வந்திருந்தார். புதைந்த இரும்பு காந்த ஊசியை அசைக்கும் என்று எதிர்பார்த்தார், ஊசி அசையவில்லை. நீராவி வெடித்த பள்ளம் என்று முடிவுகட்டினார். வேடிக்கை என்னவென்றால், நிலாவின் பள்ளங்கள் மோதலால் உண்டானவை என்று சரியாகச் சொன்னவரும் இதே கில்பர்ட்தான்!

வழக்கு தீர்ந்தது 1960இல். நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற குழிகளை ஆராய்ந்த யூஜீன் ஷூமேக்கர், அரிசோனா பள்ளமும் அதே அமைப்பில் இருப்பதைக் கண்டார். அவரும் எட்வர்ட் சாவோவும் அங்கத்திய மணற்பாறையில் கோயசைட்டைக் கண்டெடுத்தார்கள். கடும் அழுத்தத்தில் மட்டுமே குவார்ட்ஸ் எடுக்கும் வடிவம் அது. எரிமலை வெடிப்பால் தரைமட்டத்தில் அந்த அழுத்தத்தைத் தர முடியாது.

மோதல் பெரிதானால் வடிவமும் மாறும். கல் விழுந்த குளத்தில் நடுநீர் எம்புவதுபோல, அமுங்கிய அடிப்பாறை துள்ளியெழுந்து நடுவே மலையாக நின்றுவிடுகிறது. நிலாவில் 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ பள்ளத்தில் அப்படியொரு மலை உண்டு. நிலாவில் ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்குக் குறைந்த பள்ளங்கள் வெறும் கிண்ணங்களே. ஈர்ப்பு மிகுந்த பூமியில் 2 முதல் 4 கிலோமீட்டரிலேயே நடுமேடு தோன்றத் தொடங்கிவிடுகிறது.

நிலாவில் மழையும் காற்றும் இல்லை, பழைய வடுக்கள் அழிவதில்லை. பூமியில் அவை அழிந்துவிடுகின்றன; மோதல் பள்ளங்கள் என்று உறுதிசெய்யப்பட்டவை சுமார் 200தான். டைனோசர்களின் அழிவோடு தொடர்புள்ள சிக்சுலூப் பள்ளம்கூட மெக்சிகோவில் வண்டலுக்கு அடியில் புதைந்திருக்கிறது.

நிலாவை ஆராய்பவர்களுக்கு இந்தியாவில் ஒரு பள்ளம் மிக வசதியாக அமைந்திருக்கிறது: மகாராஷ்டிரத்தின் லோனார். அகலம் 1.8 கிலோமீட்டர், நடுவில் உப்பு ஏரி. அரிசோனாவில் கல் விழுந்தது மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும். லோனாரிலோ தக்காணத்தின் எரிமலைக் கரும்பாறையான பசால்டில். நிலாவின் கரும்படுகைகளும் பசால்ட்தான். லோனாரை எரிமலை வாய் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அங்கே துளையிட்டு எடுத்த பாறையில் மோதல் அதிர்வால் கண்ணாடியாக மாறிய கனிமம் கிடைத்து, 1973இல் அது விண்கல் பள்ளமென்று உறுதியானது.