நாற்காலி இருக்கிறது, உட்கார விடுகிறார்களா?

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண், கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை நிற்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கொஞ்சம் உட்கார முடிகிறது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் அதுவும் சுருங்கிவிடும். சில வருடங்களில் கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைக்கிறது. வேலை என்றால் இப்படித்தான் என்று அதையும் சகித்துக்கொள்கிறார்கள்.

இதை மாற்றத்தான் 2021-இல் தமிழக அரசு, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது. ஆண், பெண் வேறுபாடு கிடையாது.

நமக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாத நிலையை எதிர்த்துப் போராடத் தொடங்கியவர், தையல் தொழிலாளியான விஜி. ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் பெண்களைத் திரட்டினார். கழிப்பறைக்கான கோரிக்கை உட்காரும் உரிமைக்கான கோரிக்கையாக வளர்ந்தது. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அரசு தானாக மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல இது. சம்பளம் போனாலும் போகட்டும் என்று தெருவில் இறங்கிய பெண்கள் வாங்கியது.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. நின்று வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. அதே உடம்பு, அதே கால்வலி. கடை ஊழியருக்கு மட்டும் எழுபது வருடங்களுக்கு மேல் யாரும் அதை எழுதிக் கொடுக்கவில்லை.

எழுதிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. முதலாளி ஸ்டூல் வாங்கிப் போட்டுவிடலாம். கஸ்டமர் இல்லாத நேரத்தில் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்றால், சட்டம் அங்கே செத்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி என்ற எண்ணம் முதலாளிகளிடம் மட்டுமா இருக்கிறது? கடைக்குள் நுழையும் நம்மிடமும் இருக்கிறது.

புகார் செய்தால் வேலை போய்விடும் என்பதுதான் பெரிய பயம். அதற்கும் தமிழகத்தின் அதே 1947 சட்டத்தில் 41-ஆம் பிரிவு இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது; ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்தாக வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். பல கடை ஊழியர்களுக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடை வேலைக்குப் போகிறதென்றால் இந்த இரண்டு பிரிவுகளையும் சொல்லி அனுப்புங்கள். நீங்கள் கடைக்குப் போகும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால், அவர் பதறி எழ வேண்டாம் என்று சொல்லுங்கள். சூப்பர்வைசர் காதில் விழும்படியே சொல்லுங்கள்.