உள்ளங்கையில் ஒரு போர்விமானம்

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 12 செ.மீ. நீளமுள்ள ஒரு வெண்டைக்காயை உடன் வந்தவரிடம் கொடுத்து, 35 அடி தள்ளி நின்று உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். (கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.) ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் 'நேட்' போர்விமானம் உங்கள் கண்ணுக்கு அவ்வளவு நீளமாகத்தான் தெரியும்.

நேட்டின் நீளம் 8.74 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 12 செ.மீ. பொருளை 72-இல் ஒரு பங்காக்கினால், பார்க்கும் தூரமும் அதே அளவில் சுருங்கிவிடுகிறது. இதற்குப் போர்க்காலத்தில் பெரும் பயன் இருந்தது. வானில் வருவது நம் விமானமா, எதிரியினுடையதா என்று தெரியாமல் சொந்த விமானத்தையே சுட்டுவிடும் ஆபத்து உண்டல்லவா? எனவே 1942-இல் அமெரிக்கக் கடற்படை, இந்த அளவில் ஐந்து லட்சம் மர மாதிரிகள் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டது. அவற்றுக்குக் கறுப்பு வர்ணம் மட்டுமே. உருவக்கோட்டைக் கொண்டே இனம் காணப் பழக வேண்டும்.

72 ஏன்? ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகிறான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரமோ ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரப் பொம்மையாகிவிடும்!

நேட் நமக்குப் பழகிய விமானம், பெங்களூரில் தயாரிக்கப்பட்டது. 1965, 1971 போர்களில் தன்னைவிடப் பெரிய சேபர் ஜெட்டுகளை எதிர்த்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் சேகோன் தனியொருவராகப் போரிட்டு உயிர் துறந்தது இதில்தான். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

மாதிரி செய்ய, செதுக்க எளிதான கலியாணமுருங்கைக் கட்டை போதும். இறக்கையின் முழு அகலம் 9.3 செ.மீ. உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, மீண்டும் தேயுங்கள். சிரமம் வர்ணத்தில்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு கனத்துக்குப் பூசினாலும், உண்மை விமானத்தில் அது 7 மி.மீ. கனமுள்ள பூச்சுக்குச் சமம்! ஆகவே தின்னர் கலந்து, மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள். ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

இன்னொரு விந்தை: உண்மை விமானத்தின் அதே வர்ணத்தைப் பூசினால் மாதிரி கறுத்துத் தெரியும். தொலைவிலுள்ள குன்று வெளிறி நீலமாகத் தெரிவதில்லையா? இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். ஓரடி தூரத்தில் மாதிரியைப் பார்ப்பது 72 அடியில் விமானத்தைப் பார்ப்பதற்கு ஒப்பு. அந்த 72 அடிக் காற்று நிறத்தைப் பெரிதாக மாற்றிவிடாது என்பது உண்மையே. ஆனால் நம் நினைவில் தங்கியிருப்பது ஓடுபாதைக்கு அப்பால், வெகு தொலைவில் கண்ட விமானம்தானே! அதனால் கைதேர்ந்தவர்கள் வர்ணத்தில் சுமார் பத்திலொரு பங்கு வெள்ளை கலப்பார்கள். பளபளப்பையும் குறைத்துவிடுவார்கள்.

கடைசியாக இறக்கையில் வட்டச் சின்னம். கொடியின் நினைவில் காவியை வெளியே தீட்டிவிடாதீர்கள். பச்சைதான் வெளி வளையம், அடுத்து வெள்ளை, காவி நடுவில்.