சந்தைக்கு வந்த சக்கரம் – 17: நீட்டி வரைந்த கார்கள்

பீட்டில் காரை ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்கள், 1950களில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி அச்சடித்த விற்பனைக் கையேடுகளைப் புரட்டினால் 'இது எந்த கார்?' என்றுதான் கேட்பார்கள். முன்பக்கம் நீண்டு, தாழ்ந்து, காற்றைக் கிழிக்கத் தயாராக நிற்கும். கூரையில் தொடங்கும் வளைவு எங்கும் இடறாமல் வால் வரைக்கும் வழிந்து இறங்கும். உள்ளே இருப்பவர்களைப் பார்த்தால்தான் வேடிக்கை. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர், பக்கத்தில் அவர் மனைவி, பின்சீட்டில் இன்னும் சிலர்; எல்லோரும் கொலுப்படியில் வைக்கிற அளவு. சுற்றிலும் அவ்வளவு இடம்! சாய்ந்து படுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம் போலிருக்கும்.

நிஜ பீட்டிலின் நீளம் சுமார் 4 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டர். கொஞ்சம் உயரமானவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையை விசாரிக்கும். எஞ்சின் சக்தி 1949ல் வெறும் 25 குதிரைத்திறன், 1954ல் 30. அந்தச் சின்ன வண்டியைத்தான் படத்தில் கப்பலாக்கியிருந்தார்கள்.

வரைந்தவர் பெர்ண்ட் ராய்ட்டர்ஸ். 1901ல் பிறந்த ஜெர்மானியர். போருக்கு முன்பிருந்தே கார்களை வரைந்து தேறிய கை. அவருடைய திறமை எதில் என்றால், காரின் எந்த உறுப்பையும் அவர் மாற்றுவதில்லை. விளக்கு அதே விளக்கு, பம்பர் அதே பம்பர், கதவுப்பிடிகூட சரியாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் கை வைப்பார். அதனால் 'இங்கே பொய் சொல்லியிருக்கிறாய்' என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டவே முடியாது. காரை நீட்டுவது பாதி வேலை, ஆளைச் சுருக்குவது மீதி வேலை. நம் கண் எதையும் மனித உருவத்தை வைத்துத்தான் அளக்கும் என்பது விளம்பர ஓவியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேமரா இருந்த காலத்தில் ஏன் வரைந்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கலாம். காரணம் இருந்தது. பளபளவென்று குரோமியம் பூசிய வண்டியைப் படம் பிடித்தால் ஸ்டுடியோ விளக்குகள், கேமராக்காரர் உட்பட எதிரே இருக்கும் எல்லாமே அதில் தெரியும். தவிர, பத்திரிகையின் வண்ணப் பக்கங்கள் பல வாரங்களுக்கு முன்பே அச்சுக்குத் தயாராகிவிட வேண்டும். புது மாடலோ அதுவரை தொழிற்சாலைக்குள் மூடிவைத்த ரகசியம். இல்லாத காரை ஓவியர்தான் வரைய முடியும். அப்படி வரைய உட்கார்ந்தவரிடம் கம்பெனிக்காரர் தன் மனக்குறையையும் சேர்த்துச் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். ஏனென்றால் எதை நீட்டி வரைந்தார்கள் என்று பார்த்தாலே, அந்த கார் எதற்காகக் கூச்சப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

பீட்டில் தன் குட்டை உருவத்துக்காகக் கூச்சப்பட்டது. அமெரிக்காவில் பான்டியாக் காருக்கு வேறு கூச்சம். ஜெனரல் மோட்டார்ஸின் பல பிராண்டுகளில் ஒன்றாக இருந்த பான்டியாக்கை 1950களின் நடுவில் பெரியவர்கள் ஓட்டுகிற சாதுவான வண்டியாகத்தான் பார்த்தார்கள். 1956ல் அதன் பொறுப்பை ஏற்ற 'பங்கி' நட்சனுக்கு அப்போது வயது 43. அவருடைய அப்பா வில்லியம் நட்சன், ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராகவே இருந்தவர். மகன் வந்ததும் முதல் காரியமாக, பானெட்டின் மேல் 1935லிருந்து ஓடிக்கொண்டிருந்த வெள்ளிப் பட்டைகளை எடுக்கச் சொன்னார். அடுத்த வேலை 1959 மாடலில் நடந்தது. உடம்பு அகலமாகி, சக்கரங்கள் மட்டும் உள்ளடங்கி நின்றால் வண்டி நோஞ்சான் காலில் நிற்பதுபோல இருக்கும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை ஏறக்குறைய 5 அங்குலம் கூட்டினார்கள். அதற்கு 'வைட் டிராக்' என்று பெயரும் வைத்தார்கள்.

ஐந்து அங்குலத்தைப் பத்திரிகைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது? அந்த வேலை ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன் என்ற ஜோடியிடம் வந்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் கார் வடிவமைப்பாளராக இருந்து விளம்பரத்துக்கு வந்தவர். காஃப்மன் டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டுடியோவில் இருந்தவர். முன்னவர் காரை மட்டும் வரைவார்; பின்னவர் கடற்கரை, ஹோட்டல் வாசல், விருந்துக்குப் போகும் ஜோடிகள் என்று சுற்றுப்புறம் முழுவதையும் வரைவார். 1959 தொடங்கி 1971 வரை இருவரும் பான்டியாக்குக்கு வரைந்தார்கள். ஓரத்தில் 'ஏஎஃப் விகே' என்று இருவரின் முதலெழுத்துகள் இருக்கும்.

இவர்களுடைய படங்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பார்வைக்கோணம் பெரும்பாலும் முன்பம்பர் உயரத்தில் இருக்கும், நாம் தரையில் குந்தி உட்கார்ந்து பார்ப்பதுபோல. நடுவில் பிளந்த கிரில் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிந்திருக்கும். டயர்கள் இரண்டும் மல்யுத்தக்காரன் கால் அகட்டி நிற்பதுபோல் வெளியே தள்ளி நிற்கும். 1959 பான்டியாக் நிஜத்திலேயே சுமார் ஐந்தரை மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட வண்டி. அதையும் போதாது என்று அகட்டி வரைந்திருக்கிறார் ஃபிட்ஸ்பாட்ரிக்! ஆனால் ராய்ட்டர்ஸிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. பெயின்டில் பிரதிபலிக்கும் வானம், குரோமியத்தில் வளையும் அடிவானம், கதவில் விழும் மரநிழல் எல்லாம் அவ்வளவு நுணுக்கமாக இருக்கும். பளபளப்பில் உண்மை இருந்ததால் அளவில் இருந்த பொய்யை யாரும் கேட்கவில்லை. என் கட்சி ஃபிட்ஸ்பாட்ரிக் பக்கம்தான். ராய்ட்டர்ஸ் இல்லாத இடத்தை உண்டாக்கிக் காட்டினார். இவர் இருந்த அகலத்தை உரக்கச் சொன்னார். 1960களின் பெரும்பகுதியில் அமெரிக்க விற்பனையில் செவ்ரலே, ஃபோர்டுக்கு அடுத்த இடம் பான்டியாக்குக்குத்தான். அதற்கு வண்டியும் காரணம், படமும் காரணம்.

அந்தக் காலத்தில் படம் மட்டும் நீளவில்லை, எண்ணும் நீண்டது. ஃபேன், சைலென்சர் போன்ற இழுவைகளைக் கழற்றிவிட்டு மேஜைமேல் எஞ்சினை ஓடவிட்டு எடுத்த குதிரைத்திறனைத்தான் விளம்பரங்களில் போட்டார்கள். எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் கணக்கு 1972 மாடல்களில்தான் பரவலாக வந்தது. ஒரே ஆண்டில் அதே எஞ்சின்கள் காகிதத்தில் இளைத்துப்போயின.

ராய்ட்டர்ஸ் 1958ல் இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்க விளம்பரம் நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஹெல்முட் குரோன் வடிவமைக்க, ஜூலியன் கோனிக் எழுத, 'திங்க் ஸ்மால்' விளம்பரம் பிறந்தது. பக்கம் பூராவும் வெறும் வெள்ளை. ஓரத்தில் மிகச் சிறியதாக ஒரு பீட்டில். கறுப்பு வெள்ளை போட்டோ, அவ்வளவுதான். எந்தக் குட்டை உருவத்தை ராய்ட்டர்ஸ் பல ஆண்டுகள் மறைத்தாரோ, அதையே சொல்லி விற்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பரம் என்று 'அட்வர்டைசிங் ஏஜ்' பத்திரிகை 1999ல் அதைத் தேர்ந்தெடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, அதிலும் மிகை உண்டு. நிஜ பீட்டில் அந்தப் பக்கத்தில் தெரிகிற அளவுக்குப் புள்ளியும் இல்லை!

இத்தனை மிகைக்கும் யாராவது தண்டனை பெற்றார்களா? ஓவியத்துக்காக இல்லை. மாட்டிக்கொண்டது கேமரா. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் காட்சி கொஞ்சமும் நெளியாது என்று டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தது. கண்ணாடியைச் செய்த லிபி ஓவன்ஸ் ஃபோர்டு நிறுவனத்தின் விளம்பரம் அது. விசாரித்துப் பார்த்தால், சில காட்சிகளில் கண்ணாடியே இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு எடுத்திருந்தார்கள். போட்டி கார்களின் கண்ணாடியில் வாசலைனைத் தடவியிருந்தார்கள். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் போட்ட தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965ல் உறுதிசெய்தது. அதே ஆண்டுகளில் அதே குழுமத்தின் பான்டியாக் பக்கம் பக்கமாக அகன்றுகொண்டிருந்ததை யாரும் சட்டை செய்யவில்லை.

1990ல் வோல்வோ சிக்கியது. ராட்சத டிரக் ஒன்று வரிசையாக கார்களை நசுக்கிப் போக, வோல்வோ மட்டும் நசுங்காமல் நிற்கும் விளம்பரம். வோல்வோவுக்கு உள்ளே முட்டுக்கொடுத்திருந்தார்கள். மற்ற கார்களின் தூண்களை அறுத்து வைத்திருந்தார்கள். கம்பெனியும் விளம்பர ஏஜென்சியும் ஆளுக்கு 1,50,000 டாலர் கட்டின.

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வரைந்த படத்தைப் பார்ப்பவருக்கு அது ஒருவர் கைவேலை என்று தெரியும். தள்ளுபடி போட்டுத்தான் பார்ப்பார். போட்டோவை அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் இன்றைய நிலைமை கொஞ்சம் உதைக்கிறது. லண்டனில் தொடங்கிய 'தி மில்' நிறுவனம் 2016ல் 'பிளாக்பேர்ட்' என்று ஒரு வண்டியை அறிமுகப்படுத்தியது. வெறும் எலும்புக்கூடு, நீளத்தையும் அகலத்தையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அதைச் சாலையில் ஓட்டிப் படமெடுத்துவிட்டு, எந்த காரை வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் அதன்மேல் போர்த்திவிடலாம். திரையில் நாம் பார்க்கும் கார் அந்த இடத்துக்கே வந்திருக்க வேண்டியதில்லை. ஓரத்தில் கையெழுத்தும் இருக்காது.

ஆகவே, பழைய கார் விளம்பரம் கையில் கிடைத்தால் ஓட்டுநரின் தலையையும் கதவின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஓவியர் எவ்வளவு இழுத்திருக்கிறார் என்று பிடிபடும். புது கார் விளம்பரம் என்றால் படத்தை ஆராய்ந்து பயனில்லை. ஷோரூமுக்கு வீட்டிலேயே உயரமான ஆளைக் கூட்டிப்போய், பின்சீட்டில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.

(தொடரும்)