மருந்துக் கடைகளில் பரிசோதனை கூடுமா?

தமிழகத்தின் சிற்றூர்களிலும் நகரத் தெருமுனைகளிலும் உடல்நலம் குன்றியவர்களில் பலர் முதலில் நாடுவது மருத்துவரை அல்ல; மருந்துக் கடையை. 'தலை சுற்றுகிறது, ஏதாவது மாத்திரை கொடுங்கள்' என்று கேட்பவருக்கு மாத்திரையுடன் இலவச ஆலோசனையும் கிடைத்துவிடுகிறது. தலை ஏன் சுற்றுகிறது என்று அங்கு யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அளந்து பார்க்க வேண்டும் என்கிறாள் என் அக்காவின் பேத்தி. பி.பார்ம். இறுதியாண்டு மாணவி. படிப்பு முடிந்ததும் உசிலம்பட்டிப் பக்கம் சொந்தமாக மருந்துக் கடை தொடங்கி, ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு, வருபவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவளது கனவு. 'தாத்தா, இது கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுத் தாருங்கள்' என்று என்னிடம் கேட்டாள். பொருளாதாரம் கற்பித்தவனுக்குக் கடைக் கணக்கும் தெரியும் என்று நம்புகிறாள். பொருளாதாரப் பேராசிரியர் எவரும் கடை வைத்துச் செழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தேவை இருக்கிறதா என்பதில் ஐயமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கின்றனர். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31.5 கோடிப் பேர். இரண்டுமே வலிக்காமல் வளரும் நோய்கள். காலில் புண் ஆறாமல் போனபின்பே தனக்குச் சர்க்கரை இருப்பதை அறிந்துகொள்பவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம்தானே என்று கேட்கலாம். கட்டணம் இல்லை என்பது உண்மை. செலவு இல்லை என்பது உண்மையன்று. கட்டட வேலைக்குச் செல்பவர் அரை நாள் வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகிறது. இதைத்தான் நாங்கள் வகுப்பில் 'வாய்ப்புச் செலவு' என்போம். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தச் செலவைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால், வீடு தேடி வரும் ஊழியர், பகலெல்லாம் வேலைத்தலத்தில் இருப்பவரைச் சந்திப்பது அரிது. மருந்துக் கடையோ இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. அவள் கனவின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. மருத்துவச் சந்தையில் வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரியும் என்பதை 1963-இல் கென்னத் ஆரோ விளக்கமாக எழுதினார். சர்க்கரை எவ்வளவு என்று சொல்பவரும், அதற்கான மாத்திரையை விற்பவரும் ஒருவரே என்றால், அளவு கூடுதலாக வந்தால் அவருக்கு லாபம். மருத்துவர் மருந்து விற்கக் கூடாது என்று தென் கொரியா 2000-இல் சட்டப்படி பிரித்து வைத்தது இதே அச்சத்தால்தான். எதிர்த் திசையிலும் அந்த அச்சம் செல்லுபடியாகும்.

கருவியின் பிழை இதைப் பெரிதாக்குகிறது. விரல் நுனி ரத்தத்தை அளக்கும் குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரநிலை, 100 மி.கி.க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக் குறைய இருப்பதை ஏற்கிறது. வெறும் வயிற்றில் 126 என்பது நோயின் எல்லை. உண்மையான அளவு 126 ஆக இருந்தால், கருவி 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். ஆகவே இது சலித்தெடுக்கும் சல்லடை, தீர்ப்பன்று. ஆய்வகத்தில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்த பின்பே நோய் என்று சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. அங்கு 2021 அக்டோபர் முதல் 40 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்துக் கடைகளில் ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. நோயாளி பணம் தருவதில்லை. தேசிய சுகாதாரச் சேவை தருகிறது. முடிவு எதுவானாலும் கட்டணம் உண்டு. முடிவு குடும்ப மருத்துவருக்குச் சென்றுவிடுகிறது.  யார் பணம் தருகிறார், எதற்குத் தருகிறார் என்ற இரண்டையும் மாற்றியதும் நேர்மை எளிதாகிவிட்டது.

நம் ஊரில் இதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டப்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரே மருந்து வழங்க வேண்டும். ஆனால் சில கடைகளில் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது. அதற்குரியவர் மாத வாடகை பெற்றுக்கொண்டு வேறெங்கோ இருக்கிறார். உழைக்காமல் வரும் வருமானத்தை நாங்களும் வாடகை என்றுதான் அழைக்கிறோம். இத்தகைய கடையில் பரிசோதனையையும் அனுமதித்தால், ஊசி குத்துவது கடைப் பையனாக இருப்பான். குத்திய ஊசி குப்பைத் தொட்டிக்குப் போகும். மருந்தாளுநர் கடையில் இருந்தால் மட்டுமே பரிசோதனை என்பது முதல் நிபந்தனையாக வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் ஒன்று கைவசம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறக்கப்பட்டன. இவற்றில் பி.பார்ம்., டி.பார்ம். படித்தவர்கள் தொழில்முனைவோராக இருக்கின்றனர். குறைந்த விலை மருந்தே விற்கப்படுவதால் கூடுதலாக விற்கும் ஆசையும் சற்றுக் குறைவு. சில மாவட்டங்களில் மட்டும், பரிசோதனை ஒன்றுக்கு இவ்வளவு என அரசே கட்டணம் கொடுத்து, அளவைச் சீட்டில் எழுதி, எல்லை கடந்தவர்களின் விவரத்தை அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் மருத்துவரைப் பார்த்தார்கள் என்பதையும் ஓராண்டு எண்ண வேண்டும்.

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். 'அரசு பணம் தரும்வரை நான் காத்திருக்க முடியாதே' என்றாள். சீட்டு எழுதிக் கொடுப்பேன். மருத்துவரின் சீட்டு இல்லாமல் சர்க்கரை மாத்திரை விற்க மாட்டேன் என்று இரண்டு வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அளவுப் பட்டைக்கு இருபது ரூபாய், வாங்கும் கட்டணம் முப்பது ரூபாய், ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று அவள் போட்ட கணக்கில், முதல் ஆண்டு நாற்காலிக்கான இடவாடகைகூடத் தேறவில்லை. கட்டணத்தை ஐம்பதாக்கலாமே என்றேன். ஐம்பது என்றால் கட்டட வேலைக்குப் போகிறவர் உட்கார மாட்டார் என்றாள்.