கல்லூரி மாணவியரும் பாலியல் வன்முறையும்: சமூகக் காரணிகள் பற்றிய ஒரு விளக்கம்

உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, தனக்கு இடம் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விடுத்துத் தரத்திற் குறைந்த வேறொன்றில் சேர்வது ஏன்? பொருளியல் அறிஞர் கிரிஜா போர்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவரிடையே நடத்திய ஆராய்ச்சி இவ்வினாவுக்கு விடை தருகிறது.

அப்பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் நகரெங்கும் பரவியுள்ளன. மாணவரிற் பலர் வீட்டிலிருந்தே பேருந்திலும் மெட்ரோ இரயிலிலும் சென்று வருகின்றனர். அவர்களுடைய பயண வழிகளை, அவ்வழிகளின் பாதுகாப்புப் பற்றிப் பொதுமக்கள் கைப்பேசிச் செயலிகளில் பதிந்த குறிப்புகளோடு அவர் ஒப்பிட்டார். பாதுகாப்பான வழி கிடைக்குமாயின், முதல் வரிசைக் கல்லூரியை விட்டுக் கீழ்ப்பாதியிலுள்ள கல்லூரியை ஏற்கவும் மாணவியர் இசைகின்றனர் எனத் தெரியவந்தது. அத்தகைய வழிக்காக ஆண்களைவிட ஆண்டுக்கு ரூ.18,800 கூடுதலாகச் செலவிடவும் அவர்கள் முன்வருவர் என 2017-இல் அவர் கணக்கிட்டார். ஆகவே, குற்றம் நிகழாத நாளிலும் அச்சம் கல்வியைக் குறைக்கிறது.

காரணிகள் யாவை?

தேங்கிய நீர் மலேரியா நோய் அன்று. ஆயினும் கொசு பெருக அது இடந்தருகிறது. சமூகக் காரணிகளும் இத்தகையனவே. குற்றத்தின் பொறுப்பு குற்றம் புரிந்தவனையே சாரும். அவனுக்கு இடந்தரும் சூழ்நிலையை நாம் மாற்ற இயலும்.

முதலாவது, வளர்ப்பு. வன்முறையைக் கண்டு வளர்ந்த சிறுவர் சிலர் பிற்காலத்தில் அதையே கையாளும் வாய்ப்பு மிகுதி. பெண்ணின் மறுப்பைப் பொருட்படுத்தாமையே ஆண்மை என்னும் எண்ணமும் இளமையிலேயே படிகிறது.

இரண்டாவது, நண்பர் குழு. கேலியைப் பாராட்டும் குழுவில் தவறு செய்பவன் துணிவு பெறுகிறான். தடுக்க நினைப்பவனோ தான் தனித்தவன் என எண்ணி வாளாவிருக்கிறான். மிதமிஞ்சிய மதுப்பழக்கம் இந்நிலையை மேலும் கெடுக்கிறது.

மூன்றாவது, அதிகார வேற்றுமை. மதிப்பெண் வழங்கும் ஆசிரியரையோ மூத்த மாணவரையோ எதிர்த்துப் பேச இளைய மாணவி அஞ்சுகிறாள்.

நான்காவது, மௌனம். முறையிட்டால் படிப்பையே நிறுத்திவிடுவர் என்று அஞ்சும் பெண் வீட்டிலும் சொல்வதில்லை.

குற்றவாளி இருளில் மறைந்திருக்கும் அந்நியனே என்பது பரவலான தவறான நம்பிக்கை. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு அறிமுகமானவரே. அமெரிக்காவில் 32 உயர்கல்வி நிலையங்களில் மேரி காஸ் குழுவினர் நடத்தி 1987-இல் வெளியிட்ட ஆய்வும் அறிமுகமானவரால் நேரும் வன்முறையையே எடுத்துக்காட்டியது. ஆதலின், விடுதிக் கதவை மாலையிலேயே பூட்டுவது மட்டும் பரிகாரமாகாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997-இல் வகுத்த நெறிகளைத் தொடர்ந்து 2013-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் உயர்கல்வி நிலையங்களில் உள்ளகப் புகார்க் குழு அமைப்பதைக் கட்டாயமாக்கின. இக்குழுவின் தலைவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினரிற் பாதிப்பேரேனும் பெண்களாதல் வேண்டும். மாணவர் தொடர்பான புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் இடம் பெறுவர். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்திற்குள் புகார் அளித்தல் வேண்டும். தக்க காரணமிருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பாதுகாப்பைக் காரணங்காட்டி விடுதி மாணவியர்மீது மட்டும் பாரபட்சமான கட்டுப்பாடுகளை விதிக்கலாகாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. மாணவரும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதையும் அவை ஏற்கின்றன.

நாம் செய்யத்தக்கவை

புகார்க் குழு உறுப்பினரின் பெயர்களை அனைவரும் காணுமிடத்தில் ஒட்டுதல் வேண்டும். தவறு நிகழும்போது குறுக்கிடவும், உதவி அழைக்கவும், பாதிக்கப்பட்டவரின் அருகில் நிற்கவும் மாணவரைப் பழக்கலாம். களப்பணியாளர் பெற்றோரிடம், "மகள் முறையிட்டால் அவள் படிப்பை நிறுத்தாதீர்கள்" என்று எடுத்துரைக்க வேண்டும். மாணவியர் செல்லும் வழியில் விளக்கெரியாத இடங்களையும் பேருந்து நில்லாத நிறுத்தங்களையும் குறித்து உள்ளாட்சிக்கு அறிவித்தலும் பயன் தரும்.

ஒரு மாணவி நம்மிடம் வந்து பேசினால், முதலில் அமைதியாகக் கேட்போம், "அங்கே ஏன் சென்றாய்?" என்று வினவாதிருப்போம். அவள் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புவது பெரும்பாலும் அந்த முதல் உரையாடலைப் பொறுத்தது.